மீசை வைத்த சூலம்

நம் இயற்பியல் ஆராய்ச்சி மையத்தின் அலுவலகத்தில் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் இதை நான் நேரில் சொல்லியிருக்க வேண்டும். என்னை வழியனுப்பிய அன்று மைக்கைக் கையில் கொடுத்தார்கள். கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நான்கு பேர் என்னைப் பார்த்தாலே எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதும்போது யாரும் பார்ப்பதில்லை என்பதால் எழுதுகிறேன்.

ஓய்வு பெறும் வயது எனக்கு இன்னும் வரவில்லை. வலது கை விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்ததால் இனி தட்டச்சு வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் படித்தது பன்னிரண்டாம் வகுப்பு, அதற்குமேல் டைப்ரைட்டிங். இயற்பியல்காரர்கள் காகிதத்தில் எழுதிக் கொடுக்கும் கணக்குகளைக் கணினியில் அடித்துக் கொடுப்பதே என் வேலை. அடிப்பது எப்படி என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரிந்திருக்கும். அடித்ததை வாய்விட்டுப் படிப்பது என்று இன்னொரு வேலை அந்த அறையில் இருந்தது. இப்போது அது இல்லை. போன மாதம் நீங்கள் அடித்த சில பக்கங்கள் என் கைக்கு வந்தன. அவற்றைப் பார்த்த பிறகுதான் அந்த வேலையைப் பற்றி உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

இதில் நான் மேடம் என்று எழுதும் இடத்திலெல்லாம் ஒருவரைத்தான் சொல்கிறேன். பெயர் போடக்கூடாது என்று அவரே சொல்லிவிட்டார். சேலத்தில் பிறந்தவர். வெளிநாட்டில் படித்து, பெரிய ஊர்களில் வேலை பார்த்து, கடைசியில் ஏற்காட்டுக்கு வந்தவர். அரங்கத்தில் ஆங்கிலத்தில் பேசி முடித்துக் கதவைத் தாண்டி வெளியே கால் வைத்ததும் சேலத்துப் பேச்சுக்கு மாறிவிடுவார்.

நான் சேர்ந்த புதிதில் அவருடைய ஒரு கட்டுரையை அடித்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் கையெழுத்துப் பிரதியைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, "நீ அடிச்சதைப் படி கண்ணு, நான் ஒப்பு பார்க்கறேன்" என்றார். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். கிரேக்க எழுத்துகளை அடிக்கத் தெரியுமே தவிர, வாயால் சொல்லிப் பழக்கமில்லை. தப்பாகச் சொன்னால் சிரித்துவிடுவாரோ என்று பயம்.

"என்ன கண்ணு, பேரு தெரியலையா?"

"இல்லீங்க மேடம்."

"பேரு கெடக்குது. பார்க்க எப்படி இருக்குது, அதைச் சொல்லு."

"சூலம் மாதிரி இருக்குதுங்க."

"அப்ப சூலம். அதுக்கு மேல?"

"ஒரு தொப்பி."

"நல்லது. மேல போ."

அப்படித்தான் ஆரம்பித்தது. எழுத்துக்குக் கீழே சிறியதாக வரும் எண் குட்டி. மேலே வருவது மாடி. தலைகீழ் ஒய் மாதிரி இருப்பது கவட்டை. நெளிந்து நிற்பது பாம்பு. எழுத்தின் தலையில் அலையாக ஒரு கோடு வந்தால் அது மீசை. "கவட்டை, மாடியில ரெண்டு, சூலம், குட்டி மூணு" என்று நான் படிப்பேன். மேடம் கண்ணைப் பிரதியில் ஓட்டிக்கொண்டே "ம்... அப்புறம்?" என்பார். அந்த "அப்புறம்" வந்தால் அந்த வரி சரியாக இருக்கிறது என்று பொருள். வராவிட்டால் எங்கோ இடிக்கிறது. வருடக்கணக்கில் அந்த ஒரு சொல்லைக் கேட்டுக்கொண்டே மூச்சு விட்டிருக்கிறேன்.

சமையலறையைப் பார்த்துக்கொண்ட ராமாயி அக்கா பக்கத்து மலைக்கிராமமான செம்மநத்தத்துக்காரர். டீ கொண்டுவந்து வைத்துவிட்டு வாசலிலேயே நின்று கேட்பார். ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டேவிட்டார். "ஏனுங்கம்மா, தொப்பிங்கறீங்க, மீசைங்கறீங்க, குட்டிங்கறீங்க. ஆளைக் காணோம்னு போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போறீங்களா?"

மேடம் சிரித்த சிரிப்பில் டீ புரையேறிவிட்டது. "ஆமா ராமாயி. நொம்ப வருசமா ஒருத்தனைக் காணோம். அவனைத்தான் தேடறோம்."

அது வெறும் வேடிக்கைப் பேச்சு இல்லை என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மேடம் தேடியது என்ன என்று எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். தப்பாக இருந்தால் உங்கள் பிரபு சாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அணு அளவில் நடக்கும் விஷயங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கணக்கு கிட்டத்தட்டத்தான் போட முடியுமாம். மிகச் சிலவற்றுக்கு மட்டும், ஒரு துளி மிச்சம் இல்லாமல், முழுதாக விடை சொல்லிவிடலாம். மேடம் வாழ்க்கை முழுக்க அந்த மிகச் சிலவற்றோடு மட்டும் இருந்தவர். அதில் ஒன்று வளையம். சின்னஞ்சிறு காந்தங்கள் வட்டமாகக் கைகோத்து நிற்கின்றன. ஒவ்வொன்றும் பக்கத்தில் இருப்பதோடு மட்டும்தான் பேசும். இந்த வளையத்துக்கு முழு விடையை யாரோ எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். மேடம் அந்த வட்டத்துக்குள் வேறு ஜாதிக் காந்தம் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். அதை விருந்தாளி என்பார். விருந்தாளி வந்த பிறகும் முழு விடை கிடைக்குமா? அதுதான் அவருடைய கேள்வி. எங்கள் பாஷையில் விருந்தாளிக்கு அடையாளம் மீசை. காணாமல்போன ஆள் என்று ராமாயி அக்காவிடம் சொன்னது அந்த விடையைத்தான்.

கிடைக்குமா கிடைக்காதா என்று எப்படித் தெரியும் என்று ஒருமுறை தைரியம் வந்து கேட்டேன். மேடம் ஜன்னல் வழியாகக் கீழே போகும் ரோட்டைக் காட்டினார்.

"செம்மநத்தம் ரோட்டுல மூணு வண்டி வருதுன்னு வெச்சுக்க. ரெண்டு வண்டிதான் ஒரு சமயத்துல ஒதுங்கிப் போக முடியும். முதல்ல ஜீப்பும் பஸ்ஸும் ஒதுங்கலாம். இல்லைன்னா பஸ்ஸும் டெம்போவும் ஒதுங்கலாம். யாரு முதல்ல ஒதுங்கினாலும், எல்லாரும் தாண்டி முடிச்சப்புறம் ரோடு ஒரே மாதிரி இருக்கோணும். அப்படி இருந்தா அந்த ரோட்டுக்கு முழுசா கணக்குப் போட்டுடலாம்."

"இல்லைன்னாங்க?"

"இல்லைன்னா ஹாரன் அடிச்சுக்கிட்டே நிக்க வேண்டியதுதான்."

இந்த முறையில் ஒதுங்கினால் வருவது சமன்பாட்டின் இடப்பக்கம். அந்த முறையில் ஒதுங்கினால் வருவது வலப்பக்கம். இரண்டும் நீளமானவை, தாள் தாளாகப் போகும். இடப்பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு உறுப்புக்கும், அதாவது கூட்டல் கழித்தல் குறிகளுக்கு இடையே வரும் ஒவ்வொரு துண்டுக்கும், வலப்பக்கத்தில் ஒரு ஜோடி இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஜோடி கிடைத்துவிட்டால் மேடம் தேடிய ஆள் கிடைத்துவிட்டார். ஒன்றே ஒன்றுக்குக் கிடைக்காவிட்டாலும் ஆள் இல்லை.

பிரபு சார் இன்று உங்களுக்கெல்லாம் மேலதிகாரி. அன்று அவர் மேடத்தின் மாணவர். எதையும் ஒரு பார்வையில் பிடித்துவிடுவார், பிடித்த பிறகு அங்கே நிற்கமாட்டார். ஒருமுறை எனக்குக் காய்ச்சல் என்பதால் அவர் படித்தார். நான் ஓரமாகப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கம் படித்தவர் அடுத்த பக்கத்தைப் புரட்டி, "இதுவும் அதே மாதிரிதான் மேடம்" என்றார்.

"அதே மாதிரின்னா?"

"குட்டி மட்டும் மாறுது. மத்ததெல்லாம் அப்படியே."

"படி சாமி."

"மேடம், பன்னெண்டு வரி இருக்கு."

"பன்னெண்டும் படி."

பிரபு சார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பன்னிரண்டு வரியையும் படித்தார். எல்லாம் அதே மாதிரிதான் இருந்தன. கடைசி வரியை முடித்துவிட்டு, "பார்த்தீங்களா? நான்தான் சொன்னேனே" என்றார்.

"நீ சொன்னது சரி. ஆனா சொன்னப்ப உனக்குத் தெரியாது. இப்பத்தான் தெரியும்."

வெளியே வந்ததும் அவர் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "செல்வியக்கா, இவங்ககிட்ட எப்படித்தான் குப்பை கொட்டறீங்க?" நான் சிரித்தேன். எனக்கு அந்தப் பன்னிரண்டு வரியும் கேட்கப் பிடித்திருந்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு மேடத்துக்குப் பார்வை மங்க ஆரம்பித்தது. முதலில் நடுவில் ஒரு புகைபோலத் தெரிகிறது என்றார். மழைக்காலத்தில் எங்கள் மலையில் மூடுபனி வந்து இறங்குவதுபோல, வந்த புகை போகவே இல்லை. நடமாடத் தெரிந்தது, ஆள் நிற்பது தெரிந்தது. எழுத்து தெரியவில்லை. எல்லோரும் இனி அவர் கணக்குப் போடமாட்டார் என்று நினைத்தார்கள். அவர் நாற்காலியை என் மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உனக்கு வேலை அதிகம் ஆகப் போகுது கண்ணு. நான் சொல்லச் சொல்ல நீ அடி. அடிச்சதை நீ படி. என் கண்ணு இனிமே உன் வாயிலதான் இருக்குது."

அந்தக் காலம்தான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு நாள் முழுக்க எண்ணினாலும் வீட்டில் நான் பேசும் வார்த்தை கைவிரலுக்குள் அடங்கிவிடும். அந்த அறையில் மட்டும் காலையிலிருந்து மாலைவரை என் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. காப்பி பூக்கும் நாட்களில் ஜன்னலைத் திறந்து வைப்போம். வாசனை வரும்போது மேடம் கையைத் தூக்குவார், நான் நிறுத்துவேன். வாசனை போனதும் "அப்புறம்?" என்பார்.

மேடம் ஓய்வு பெறும் வருடம் வந்தது. அவருக்கு மையத்தில் ஒரு பாராட்டு விழா வைத்தார்கள். வெளியூர்களிலிருந்து பழைய மாணவர்களும் உடன் வேலை பார்த்தவர்களும் வருவதாக இருந்தது. விழாவுக்குள் வளையத்தின் கட்டுரை முடிந்துவிடும் என்று எல்லோருக்கும் நம்பிக்கை. பிரபு சார் கம்ப்யூட்டரில் எண்களைப் போட்டு இரண்டு பக்கத்தையும் கணக்கிட்டுப் பார்த்திருந்தார். கம்ப்யூட்டர் காட்டக்கூடிய கடைசி தசம இடம்வரை இரண்டு பக்கமும் ஒத்துப்போயின. அவர் அந்தச் செய்தியோடு ஓடிவந்தபோது மேடம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். உடனே, "ஒத்துப்போறது வேற, ஒண்ணா இருக்கறது வேற சாமி. நாங்க படிச்சுப் பார்த்துடறோம்" என்றார்.

படித்தோம். இடப்பக்கத்திலிருந்து ஓர் உறுப்பை நான் படிப்பேன். மேடம் மனதுக்குள் வைத்திருந்த வலப்பக்கத்திலிருந்து அதன் ஜோடியைச் சொல்வார். நான் இரண்டையும் பென்சிலால் கோடு போட்டு அடிப்பேன். நாட்கணக்கில் இதுதான் வேலை. விழாவுக்கு முந்தின நாள் காலையில் கடைசிச் சில பக்கங்களே மிச்சம் இருந்தன. விருந்தினர்கள் வந்து இறங்க ஆரம்பித்துவிட்டார்கள். ராமாயி அக்கா கேசரிக்கு ரவை வறுக்கும் வாசனை மாடிவரை வந்தது. மேடத்துக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாதத்தால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

டீ நேரத்தில் பிரபு சார் வந்தார். என் மேஜையில் இருந்த மிச்சப் பக்கங்களை நின்றவாக்கிலேயே புரட்டினார். அவருடைய கண் எவ்வளவு வேகம் என்று சொன்னேன் அல்லவா. கடைசிப் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டார். பிறகு காகிதத்தைப் பழையபடி வைத்துவிட்டு, "செல்வியக்கா, ஒரு நிமிஷம் வெளியே வாங்க" என்றார்.

வராந்தாவுக்கு வந்ததும் அவர் கதவை மெல்லச் சாத்தினார்.

"கடைசிப் பக்கத்துல ஒண்ணு தனியா நிக்குதுக்கா. மாடியில எட்டு. கவட்டையே சின்ன பின்னம், அதை எட்டுத் தடவை பெருக்கினா அவ்வளவு சின்னது, அதனாலதான் கம்ப்யூட்டர்ல தெரியலை."

"அதுக்கு ஜோடி இல்லீங்களா?"

"இல்லை."

மேடம் தேடிய ஆள் இல்லை என்று அதற்கு அர்த்தம். அது எனக்கே தெரியும்.

"அக்கா, அதைப் படிக்காதீங்க."

அவர் கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"முடிஞ்சுதுன்னு சொல்லிடுங்க. நாளைக்கு ஒருநாள். அத்தனை பேர் வர்றாங்க. அவங்க சந்தோஷமா மேடையில உட்காரட்டும். விழா முடிஞ்சதும் நானே பக்குவமா சொல்லிக்கறேன். கட்டுரையை வெளியே அனுப்ப மாட்டேன், சத்தியமா."

அவர் கண் கலங்கியிருந்தது. அவரைப் பற்றித் தப்பாக நினைத்துவிடாதீர்கள். அன்று அந்த வராந்தாவில் நின்றவர்களில் மேடத்தின் மேல் யாருக்கு அன்பு அதிகம் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. அவர் கேட்டது பெரிய பொய்கூட இல்லை. ஒரே ஓர் உறுப்பைப் படிக்காமல் விடுவது, அவ்வளவுதான். பேசாமல் இருப்பது எனக்குப் பிறவியிலேயே வந்தது. அதைவிடச் சுலபமான வேலையை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை.

"உள்ள போகணுங்க. மேடம் காத்திருப்பாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

"வந்துட்டியா கண்ணு? எங்க விட்டோம்?"

படிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொன்றாக ஜோடி சேர்ந்துகொண்டே வந்தது. அவர் "அப்புறம்", "அப்புறம்" என்று கொஞ்சம் அவசரமாகச் சொன்னார். கடைசிப் பக்கத்துக்கு வந்தோம். இரண்டு உறுப்புகள் இருந்தன. முதலாவதைப் படித்தேன். மேடம் ஜோடியைச் சொன்னார். இரண்டையும் பென்சிலால் அடித்தேன்.

"ம்... அப்புறம்?"

ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரங்கள் பனியில் பாதி மறைந்திருந்தன. மேடம் என் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார். அவருக்கு என் முகம் தெரியாது. தெரியாத முகத்தைப் பார்த்து ஒருவர் அப்படிக் காத்திருப்பதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "முடிஞ்சுதுங்க மேடம்" என்ற வார்த்தை வாய்வரை வந்துவிட்டது. அவர் எத்தனை சந்தோஷப்படுவார் என்பது எனக்குத் தெரியும். எதற்காகச் சந்தோஷப்படுகிறோம் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. நாளைக்கு எல்லோரும் கை தட்டும்போது, அந்த அரங்கத்தில் உண்மையிலேயே கண் தெரியாதவராக அவரை நான் ஆக்கிவிட்டிருப்பேன். இதெல்லாம் அப்போது இப்படி வார்த்தையாகத் தோன்றவில்லை. விரலை அந்த வரியின் மேல் வைத்தேன்.

"கழித்தல்... கவட்டை, மாடியில எட்டு. மீசை வெச்ச சூலம், குட்டி மூணு."

மேடம் உதடு அசைந்தது. ஜோடியைத் தேடுகிறார். நெடுநேரம் தேடினார்.

"இன்னொரு தடவை படி."

படித்தேன்.

"அடிச்சதுல தப்பு இருக்குமா கண்ணு?"

அந்தக் கேள்வியில் இருந்த ஆசையை என்னால் எழுத முடியவில்லை. "இல்லீங்க மேடம். நீங்க சொல்லி நான் அடிச்சது. அன்னைக்கே ரெண்டு பேரும் ஒப்பு பார்த்துட்டோமுங்க."

"ஆமா. பார்த்தோம்."

பாதத்தின் தாளம் நின்றிருந்தது. மேடம், "மாடியில எட்டா? அதான் பிரபுவோட கம்ப்யூட்டர் கண்ணுல மாட்டலை" என்றார். பிறகு, "கேசரி வாசனை வருதே, ராமாயி நாளைக்குத்தான் தருவாளா, இன்னைக்கே கேட்டா குடுப்பாளா?" என்றார். நான் போய் ஒரு கிண்ணத்தில் வாங்கிவந்தேன். மேடம் பாதிக் கிண்ணம் சாப்பிட்டார். மீதியை நான் சாப்பிட்டேன்.

மறுநாள் மேடையில் மாலையெல்லாம் போட்டு முடித்த பிறகு அவர் எழுந்தார். "நான் தேடினது இல்லை. இல்லைன்னு நேத்து முழுசாத் தெரிஞ்சுபோச்சு. கிட்டத்தட்ட இல்லை, முழுசா இல்லை" என்று தமிழிலேயே சொன்னார். அரங்கத்தில் கை தட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. முதலில் தட்டியவர் பிரபு சார். அவர் அழுதுகொண்டே தட்டினார்.

சாப்பாட்டுக்கூடத்தில் ராமாயி அக்கா இலையில் கேசரியை வைத்துக்கொண்டே கேட்டார். "ஏனுங்கம்மா, அந்த ஒண்ணே ஒண்ணுதானே இடிக்குதுன்னு சொல்றாங்க? அதை எடுத்துப் போட்டுட்டா ஆகாதுங்களா?"

"எடுக்கலாம் ராமாயி. ஆனா அவன் விருந்தாளி. அவன் எந்திரிச்சுப் போயிட்டா எல்லாம் சரியாயிரும். அப்புறம் மிஞ்சறது பழைய வளையம்தான். அதை யாரோ எப்பவோ போட்டு முடிச்சுட்டாங்களே."

"விருந்தாளி போயிட்டா ஊடு நல்லாவா இருக்கும்?" என்று சொல்லிவிட்டு ராமாயி அக்கா அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

மேடம் கோயம்புத்தூரில் தங்கை வீட்டுக்குப் போவதென்று முடிவானது. புறப்படும் முன் அறையைக் காலி செய்துகொண்டிருந்தோம். அவர் மேஜையைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அன்னைக்கு டீ நேரத்துல பிரபு உங்கிட்ட என்னமோ சொன்னானில்ல?"

நான் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே இருந்தேன்.

"சொல்ல வேண்டாம். வெளிய போயிட்டு வந்தப்புறம் உன் குரல் மாறிப்போச்சு. கடைசி உறுப்பைப் படிக்கறதுக்கு முன்னாடி எம்புட்டு நேரம் நின்னே தெரியுமா? அந்த நேரத்துல எனக்குத் தெரிஞ்சுபோச்சு, ஏதோ இருக்குதுன்னு."

"மன்னிச்சுக்குங்க மேடம்."

"எதுக்கு? நான் ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாதே." அவர் குரலைத் தாழ்த்தினார். "நீ 'முடிஞ்சுதுங்க'ன்னு சொல்லிட மாட்டியான்னு எனக்கு இருந்துச்சு. நொம்ப ஆசையா இருந்துச்சு கண்ணு. நீ சொல்லியிருந்தா நான் மறுபடி கேட்டிருக்க மாட்டேன்."

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றதை இப்போது எழுதுகிறேன் என்றால், எழுதலாம் என்று போன மாதம் அவரே அனுமதி கொடுத்தார். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

அவர் போன பிறகு இரண்டு மேஜை போட்டிருந்த அந்த அறை தாராளமாகிவிட்டது. எல்லாம் அதனதன் இடத்தில் ஒழுங்காக இருந்தது. எனக்கு அங்கே மூச்சு முட்டியது. கட்டுரைகளை அடித்தேன், பிறகு திரையிலேயே சரிபார்த்தார்கள், வாய்விட்டுப் படிக்க யாரும் கேட்கவில்லை. சில நாட்கள் கதவைச் சாத்திக்கொண்டு எனக்கு நானே ஒரு வரி படித்துப் பார்ப்பேன். வரி முடிந்ததும் ஒரு நொடி நிற்பேன். அறையில் யாரும் இல்லாதபோது வரி சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

கோயம்புத்தூரில் மேடத்துக்குக் கட்டுரைகளைப் படித்துக்காட்ட ஓர் இயந்திரம் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். போனில் விசாரித்தேன்.

"நல்லாத்தான் படிக்குது. எழுத்துப் பேரெல்லாம் சுத்தமாச் சொல்லுது. எங்கயும் நிக்கறதில்லை. அதான் கண்ணு, எதுலயும் நிக்கறதில்லை."

போன மாதம் பிரபு சார் எங்கள் ஊர்ப் பக்கம் நாகலூர் பஸ்ஸில் வரும் ஒருவரிடம் சில பக்கங்களைக் கொடுத்து அனுப்பினார். அவருடைய புதிய கட்டுரை. நீங்கள் மூன்று பேரும் வந்து முதன்முதலில் அடித்தது அதுதான். "மேடத்துக்கு நீங்களே போன்ல படிச்சுக் காட்டுங்க அக்கா. ஒண்ணையும் விட்டுடாதீங்க" என்று மேலே பென்சிலில் எழுதியிருந்தார்.

உங்கள் வேலை சுத்தமாக இருந்தது. ஆனால் முதல் பக்கத்தின் முதல் சமன்பாட்டை அடித்தபோது அது என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அதனால்தான் இவ்வளவும் எழுதினேன். உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். நீங்கள் அடிப்பதை, கேட்க ஆள் இருந்தால் ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள். எங்கே உங்கள் குரல் நிற்கப் பார்க்கிறதோ அந்த இடத்தையும் சேர்த்துப் படியுங்கள்.

எங்கள் வீட்டின் பின்னால், மிளகுக் கொடி ஏறிய மரத்தடியில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்றுகொண்டு மேடத்தைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். "பிரபு எழுதினதா? படி, படி" என்றார். குரல் முன்னைவிட மெலிந்திருந்தது.

காகிதத்தை விரித்தேன். அதை மரத்தின் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டேன். ஜோடி கிடைக்காத அந்த உறுப்பிலிருந்துதான் பிரபு சார் ஆரம்பித்திருக்கிறார். எங்களுக்கு எது கடைசி வரியோ அது அவருக்கு முதல் வரி.

"கவட்டை, மாடியில எட்டு" என்று படித்தேன். "மீசை வெச்ச சூலம், குட்டி மூணு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது.

"ம்... அப்புறம்?"